யோசித்துச் சொன்ன பாஸ்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பரிசோதனைக் கூடத்தில் நாற்பத்தொரு ஸ்லைடு. மூன்றை மறுபடி பூச வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ரத்தத்தைக் கண்ணாடியில் மை மாதிரித் தடியாக இழுத்துவிடுகிறாள். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் எதை எண்ணுவது?

மதியம் தங்கை போன் செய்தாள். இடுப்பு மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் பையன் கடல் தாண்டி இருக்கிறான். வீட்டில் அவள் ஒருத்திதான்.

"அக்கா, ஒரு ஆறு வாரம் வந்து இருக்க முடியுமா? கேக்கவே கூச்சமா இருக்கு."

"என்னடி கூச்சம், வரேன்" என்று சொல்ல வாய் வந்தது. "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சொல்றேன்" என்றேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அதன் காதைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஜன்னலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் டீயில் ஆடை படிந்துவிட்டது. பிறகு, "ம்... ஆபரேஷனா" என்றார். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

போகாதே என்று அவர் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். சொல்லவே இல்லை.

மார்ச் 5, புதன்

இப்போதைக்கு முடியாது போலிருக்கிறது என்று தங்கையிடம் சொன்னேன். "மாமா வேண்டாம்னாரா?" என்றாள். "சே சே, அவர் ஒண்ணுமே சொல்லலடி" என்றேன். பொய் இல்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று கிளப்பில் மானம் போயிற்று.

வியாழன்தோறும் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துவரை பிரிட்ஜ். தையல் மெஷின் கடைக்கு மேல்மாடி, ஆறு மேஜை. நானும் அவரும் ஒன்பது வருடமாக ஜோடி. எதிரெதிரே உட்கார வேண்டும், ஆனால் பேசக் கூடாது. எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்பதுகூட வாயால் இல்லை. பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். கேட்க விருப்பமில்லை என்றால் பச்சை அட்டை, பாஸ். சிரிப்பு, பெருமூச்சு, புருவம் எதுவும் ஆகாது.

எதிர் ஜோடி பல் டாக்டரும் அவர் தம்பியும். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பேட் கேட்டார். டாக்டர் இரண்டு ஹார்ட். என்னிடம் மூன்று ஸ்பேடும் ஒரே ஒரு ராணியும், மற்றதெல்லாம் சில்லறை. ஒப்புக்கு ஆதரவாக இரண்டு ஸ்பேட் வைத்தேன். தம்பி ஒரே தாவாக நான்கு ஹார்ட். இப்போது மறுபடி என் வீட்டுக்காரர் முறை.

அவர் யோசித்தார்.

பெட்டிக்குக் கை போனது, திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த சீட்டை உருவி மறுபடி அதே இடத்தில் செருகினார். மூக்கால் ஒரு மூச்சு. கடைசியில் பச்சை அட்டை. டாக்டரும் பாஸ். என் முறை வந்தது. என் கையில் இருந்ததற்கு நானும் பாஸ் சொல்லி எழுந்து டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். நான்கு ஸ்பேட் வைத்தேன். அதற்கு வேண்டிய பத்துப் பிடியும் வந்துவிட்டது.

டாக்டரின் தம்பி கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் மருந்துக்கடைக்காரர், நாற்பது வயதுதான் இருக்கும். யாரையும் சத்தம் போடமாட்டார். என் சீட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் புள்ளியை அழித்து, அவர்களுக்கு நான்கு ஹார்ட் வந்ததாக எழுதினார்.

"யோசிக்கறதும் குத்தமா?" என்றார் அவர்.

"இல்ல சார். நீங்க எவ்வளவு வேணாலும் யோசிக்கலாம், அது உங்க உரிமை. ஆனா நீங்க யோசிச்சதை மேடம் பாக்காத மாதிரி ஆடணும். பாஸ் சொல்றதுக்கும் இடம் இருந்து, மேல கேக்கறதுக்கும் இடம் இருந்தா, உங்க யோசனை எந்தப் பக்கம் கை காட்டுதோ அந்தப் பக்கம் அவங்க போகக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் பேச்சு இல்லை. காலையில் உப்பு எங்கே என்று அலமாரியைப் பார்த்து நின்றார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் சொன்னது மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. பார்க்காத மாதிரி ஆடணும். எப்படி முடியும்? முப்பத்தொரு வருடமாக நான் பார்த்துக்கொண்டு மட்டும்தானே இருக்கிறேன்!

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பாய்லர் பரிசோதகராக இருந்தவர். ஆலைக்குள் போய், பாய்லர் முன்னால் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டுமாம். கேட்காத ரிப்பேரெல்லாம் தானாகவே செய்து வைப்பார்களாம். சிரித்துச் சிரித்துச் சொல்வார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். இந்த வீட்டு மேனேஜர் யார் என்று அப்போது தோன்றவில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன் கிளைப் பரிசோதனைக் கூடத்துக்கு என்னையே தலைமையாகப் போட்டார்கள். மூன்று மணிநேர பஸ் தூரம், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். அவரிடம் சொன்னபோது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்று கழல வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், குடும்பச் சூழ்நிலை என்று. பிறகு ஒரு நாள் அவரே கேட்டார், "ஏன் வேண்டாம்னுட்டே? நான் ஒண்ணும் சொல்லலையே?"

யாரிடம் போய் முறையிடுவது? சாட்சி ஏது?

எங்கள் கூடத்தில் டாக்டர் எழுதிய சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அணுக்களை எண்ண வேண்டும். இன்ன வியாதி என்று அவர் சந்தேகப்பட்டது நம் கண்ணில் பட்டால், கண் அதையே தேடிக்கொண்டு போகும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. மேஜைக்கு எதிரே இல்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றிலிருந்து மூன்று வியாழன்களின் மொத்தப் புள்ளியில் முதலில் வரும் ஜோடியைக் கிளப்களுக்கிடையிலான போட்டிக்கு அனுப்புகிறார்கள். அவர் ஆறு வருடமாக இதற்காக உயிரை விடுகிறார். இரண்டு முறை இரண்டாவதாக வந்து நின்றோம்.

ஏழாவது ஆட்டத்தில் எதிரிகள் மூன்று டயமண்டில் நின்றார்கள். அவர் யோசித்தார், பாஸ் வைத்தார். அடுத்தவரும் பாஸ். என் கை இப்படியும் அப்படியும் போகலாம் என்ற கை. அவர் முகத்தைப் பார்க்காமல் என் சீட்டை மட்டும் எண்ணினேன், கவிழ்த்து வைத்த சீட்டு மாதிரி. பிறகு பச்சை அட்டையை வைத்தேன்.

மூன்று ஸ்பேட் எங்களுக்கு அல்வா மாதிரி வந்திருக்கும். கோட்டை விட்டோம்.

காரில் இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு கேட்டார். "நான் எவ்வளவு நேரம் யோசிச்சேன்?"

"ரொம்ப நேரம்."

"பின்ன?"

"அதனாலதான் பாஸ் சொன்னேன்."

அதற்கு மேல் வீடு வரும்வரை இண்டிகேட்டர் சத்தம் மட்டும்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பச்சை அட்டையை வைத்த அந்த ஒரு நொடி, மாடி ஜன்னலை யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது. இப்படி எழுதுவதே தப்போ?

மார்ச் 14, வெள்ளி

உப்பு, சர்க்கரை, ரிமோட், மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றையும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் சீட்டுக்கட்டைப் பிரித்தார். பயிற்சியாம். மூன்று நாள் கழித்து வாயைத் திறந்திருக்கிறார், திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்தவர். எனக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதி. அதுதான் கேவலம்.

நாலைந்து கை ஆடினோம். பிறகு சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். "இதுல பெரிய விஷயம் ஒண்ணுமில்ல. நான் பட்டுன்னு பாஸ் வச்சா கையில ஒண்ணுமில்ல. நிதானமா வச்சா ஏதோ இருக்கு. உனக்கே தெரியும்."

"அது தப்பில்லையா?"

"நான் என்ன கண்ண அடிக்கறேனா? காலை உதைக்கறேனா? மனுஷன் யோசிக்கறான். அவ்வளவுதானே."

"நடுவர் சொன்னாரே..."

சீட்டுக் கலைக்கும் கை நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி" என்றேன். ஏன் சொன்னேன்? அவர் ஒன்றும் கேட்கக்கூட இல்லை. சரி என்று நானே சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

தங்கைக்கு ஆபரேஷன் ஏப்ரல் 9. "பக்கத்து வீட்டம்மா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க அக்கா, நீ கவலைப்படாத" என்றாள். அந்த அம்மாளுக்கே எழுபத்தாறு வயது. குளியலறையில் இவளைத் தாங்கிப் பிடிப்பாளா, இல்லை இரண்டு பேருமாக விழுவார்களா?

இரண்டு நாளாக அவரே டீ போட்டுக் கொண்டுவந்து தருகிறார். ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். போட்டிக்குத் தேர்வாகிவிட்டால் குளிர்ந்து போவார். அந்தச் சூட்டோடு சூடாகத் தங்கை விஷயத்தை எடுத்துவிட வேண்டும்.

குளிர்ந்து போவாராம், சூட்டோடு சூடாகக் கேட்பேனாம். என் லட்சணம்.

மார்ச் 20, வியாழன்

செய்தேன். மூன்று ஆட்டங்களில். அவர் நிதானமாக வைத்தபோது ஏறிக் கேட்டேன், பட்டென்று வைத்தபோது வாயை மூடிக்கொண்டேன். முன்பு தெரியாமல் செய்தது வேறு. இன்று பேசி வைத்துக்கொண்டு செய்தது. யாரும் நடுவரைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் என் முகத்தில் கொஞ்சம் குழப்பத்தைக்கூட வரவழைத்துக்கொண்டேன். நாடகம்!

இன்றைக்கு நாங்கள்தான் முதல். மொத்தத்திலும் முதல்.

படி இறங்கும்போது பல் டாக்டர் என் தோளைத் தொட்டார். "இன்னிக்கு ரொம்ப நல்லா ஆடினீங்க. போன வாரம் நீங்க பாஸ் சொன்னதைப் பாத்தேன். எல்லாராலயும் அது முடியாது." அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

அறிவிப்புப் பலகையில் போட்டித் தேதி ஒட்டியிருந்தது. ஏப்ரல் 11, 12, 13. வெளியூர்.

காரில் மெதுவாக ஆரம்பித்தேன். "சின்னவளுக்கு ஒன்பதாம் தேதி ஆபரேஷன்..."

"மொதல்ல இது முடியட்டும்" என்றார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

ஆக, தோற்றால் வீட்டுக்குள் மூச்சுவிட முடியாது. ஜெயித்தால் அவளிடம் போக முடியாது. இந்தப் பள்ளத்தை நானே மண்வெட்டி பிடித்து வெட்டியிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

ஒரே ஸ்லைடை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண். பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன். "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

கடைசிச் சுற்று, பல் டாக்டரும் தம்பியும். டாக்டர் ஒரு ஹார்ட் வைத்தார். அந்த அட்டை மேஜையில் படிவதற்குள் என் வீட்டுக்காரருடைய பச்சை அட்டை விழுந்தது. பட்டென்று. என்னிடம் ஒன்றுமில்லை, நீயும் சும்மா இரு. தம்பி இரண்டு ஹார்ட். என் கையில் ஐந்து ஸ்பேட், இரண்டு ஏஸ், ஒரு ராஜா. இந்தக் கையோடு யாராக இருந்தாலும் இரண்டு ஸ்பேட் கேட்பார்கள். எதிரிலிருந்து அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நெற்றியில் வெயில் படுவது மாதிரித் தெரியும் எனக்கு.

இரண்டு ஸ்பேட் வைத்தேன்.

டாக்டர் சிவப்பு அட்டை போட்டார், டபுள்: பிடி குறைந்தால் நஷ்டம் இரட்டிப்பு. மூன்று பிடி குறைந்தது. என் வீட்டுக்காரர் தன் சீட்டுகளை மேஜையில் விசிறி மாதிரி விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போகட்டும், முடிந்தது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் மருந்துக்கடைக்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு எங்கள் ஜோடிதான் முதல் என்றார். நாலு புள்ளி வித்தியாசம். போன வாரப் புள்ளி எங்களைத் தூக்கி நிறுத்திவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டரும் தட்டினார்.

எழுந்து நின்றேன்.

"போன வாரப் புள்ளியை எடுத்துடுங்க" என்றேன்.

"எது மேடம்?"

"நாங்க பேசி வச்சிக்கிட்டு ஆடினோம். பட்டுன்னு வச்சா ஒரு அர்த்தம், மெதுவா வச்சா ஒரு அர்த்தம்னு. அன்னிக்கு மூணு ஆட்டம் அப்படித்தான் எடுத்தோம். எதுன்னு கேட்டீங்கன்னா சொல்றேன்."

டாக்டரின் தம்பி, "நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார். "நீ சும்மா இரு" என்றார் டாக்டர்.

எனக்குப் பக்கவாட்டில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி என்ன கேட்கிறது என்று எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரியும்: விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடு. நான் நடுவரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மூடி, ஓரத்தில் கடித்த தடம்.

உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். ஒரு வருடத்துக்கு நாங்கள் இருவரும் ஜோடியாக ஆடக் கூடாது. டாக்டரும் தம்பியும் போட்டிக்குப் போகிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

ஒரு கேள்வி அரிக்கிறது. உண்மைக்காகச் சொன்னேனா, தங்கையிடம் போகும் ரயிலுக்காகச் சொன்னேனா? ஏப்ரல் 11 குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் தலையையும் சேர்த்துத்தானே உருட்டினேன்.

மார்ச் 31, திங்கள்

நாலு நாள். வழக்கமாக இரண்டாம் நாளே நான் இறங்கி வந்துவிடுவேன். உப்பு தேடி அலமாரி முன் வெகுநேரம் நின்றார். நான் என் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். கடைசியில் அவரே மேல் தட்டில் தேடி எடுத்தார். அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 2, புதன்

டீ நேரத்தில் சொன்னேன். "ஏழாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். ஆறு வாரம். லீவு சொல்லியாச்சு."

கோப்பை கீழே போனது. ஜன்னல்.

நான் காத்திருந்தேன். பிறகு சொன்னேன், குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. "போக வேண்டாம்னா வேண்டாம்னு வாயால சொல்லுங்க. சொன்னா உக்காந்து பேசலாம். நீங்க சொல்லாததை இனிமே நான் கேட்டதா வச்சிக்க மாட்டேன்."

"நான் என்ன சொன்னேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லல."

"பின்ன என்ன?"

"அதான். ஒண்ணும் சொல்லல. நான் கிளம்பறேன்."

எழுந்து போய் மொட்டைமாடியில் நின்றார். துணி எடுக்கப் போனபோது அங்கேயே இருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. வயதாகிவிட்டது அவருக்கு. கிட்டப் போய் ஏதாவது சொல்லிவிடலாமா? எல்லாவற்றையும் அப்படித்தானே ஒவ்வொரு தடவையும்... துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஸ்டேஷனுக்கு வந்தார். பெட்டியைத் தூக்கி வைத்தார். பேசவில்லை. ரயில் நகர்ந்தபோது அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று மனம் தன்னால் படிக்க ஆரம்பித்தது. பக்கத்து இருக்கைக் குழந்தையிடம் பெயர் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றது.

ஏப்ரல் 9, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும், "வந்துட்டியா?" என்றாள். இரண்டு நாளாக அவள் கூடவே இருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் கதவுவரை போய்த் திரும்பினாள், இரண்டு முறை. மூன்றாவதற்கு நான் விடவில்லை. சின்ன வயதில் போட்ட சண்டையெல்லாம் திரும்பப் போட்டோம்.

ஆறு மணிக்கு அவர் போன். கிளப்புக்குப் போய் வந்தாராம். இதற்கு முன் மூன்று முறை பேசியிருக்கிறார். மாத்திரை சாப்பிட்டாளா, மழையா, அவ்வளவுதான். இன்று நீளமாகப் பேசினார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரோடு ஜோடி சேர்த்துவிட்டிருக்கிறார்களாம்.

"அந்த ஆளு தலையையே தூக்க மாட்டேங்கறார். நான் எவ்வளவு யோசிச்சாலும் அவர் பாட்டுக்கு பாஸ் பாஸ்னு வச்சிட்டுப் போறார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நானே கேட்டேன். நாலு ஸ்பேட்."

"வந்துதா?"

"ஒரு பிடி குறைஞ்சுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு பேச்சு நின்றது.

அது எந்த அமைதி என்று எனக்குத் தெரியும். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தங்கையின் மாத்திரை அட்டையைப் பிரித்து எண்ண ஆரம்பித்தேன். எட்டு. ஒன்பது. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பத்து. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிற சத்தம். பதினொன்று.

"நீ எப்ப வருவே?" என்றார்.

"மே பத்தொன்பது."

"சரி" என்றார். யோசிக்காமல், உடனே.

உடனே சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு கணம் மனம் ஓடத்தான் செய்தது. விட்டுவிட்டேன். மாத்திரை பதினான்கு இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வரும்.